கதவு தெரிகிற வீடு

மந்தைவெளி
9 ஜூன் 2024

ஹம்சினி அக்காவுக்கு,

இனி போனில் பேச வேண்டாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். சரி, எழுதுகிறேன். ஒரு வகையில் இதுவும் நல்லதுதான். போனில் நீங்கள் வாயைத் திறந்தால் நான் குறுக்கே விழுகிறேன், நான் திறந்தால் நீங்கள். காகிதத்தில் நான் முடிக்கும்வரை நீங்கள் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

உங்கள் தம்பிக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. கிளாக்கோமாவில் போன பார்வை போனதுதான், மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மந்தைவெளி வீட்டை விற்றுவிட்டு இரண்டு பேரும் புனேவுக்கே வந்துவிடுங்கள் என்கிறீர்கள். நான் மாட்டேன் என்கிறேன். அதற்கு நீங்கள், ‘உனக்கு வீடு முக்கியம், எனக்கு என் தம்பி முக்கியம்’ என்றீர்களே, அது இன்னும் காதிலேயே நிற்கிறது. நான் கட்டிக்கொண்டது வீட்டை இல்லை அக்கா.

இங்கே அவரிடம் கணக்குப் படிக்கப் பிள்ளைகள் வருகிறார்கள். பள்ளிக்கூட வேலையை விட்ட பிறகு அவர் நிமிர்ந்து உட்காருவது அந்தச் சாயங்கால நேரத்தில்தான். புனேயில் யாருக்குச் சொல்லிக்கொடுப்பார்?

நவராத்திரி வரைக்கும் எனக்கு அவகாசம் கொடுங்கள். இந்த வீட்டுச் சுவர்களை அவருக்காக மாற்றி அடிக்கப் போகிறேன். பெயிண்ட் கடையில் கலர் மெஷின் முன்னால் நிற்கிறவள் நான். ஆழ்வார்பேட்டை, அபிராமபுரம் என்று ஊரார் வீட்டுக்கெல்லாம் கலந்து கொடுக்கிறேன், என் வீட்டுக்குக் கலக்கத் தெரியாதா? நவராத்திரிக்கு வந்து பாருங்கள். அவர் யார் கையையும் பிடிக்காமல் வீட்டுக்குள் நடந்தால் நாங்கள் இங்கேயே இருப்போம். இல்லையென்றால் நானே பெட்டி கட்டுகிறேன்.

எங்கள் குப்பத்தில் படகுக்கு அடிக்கிற நிறத்தைப் பார்த்து நீங்கள் ஒருமுறை சிரித்தீர்கள், ‘மிட்டாய்க் கடை’ என்று. அந்த நிறம் அழகுக்கு இல்லை. அலைக்கு நடுவில் நிற்கிற படகு யாருடையது என்று கரையில் நிற்கிறவளுக்குத் தெரியவேண்டும், அதற்கு. அதைத்தான் வீட்டுக்குள் செய்யப் பார்க்கிறேன். கதவுச் சட்டத்துக்கு நினைத்திருக்கிற கருநீலத்தை ஓர் அட்டையில் அடித்து இதனுடன் வைத்திருக்கிறேன். போட்டோ அனுப்பினால் போதாதா என்று கேட்காதீர்கள். போன் திரையில் எந்த நிறமும் உண்மை பேசாது.

ஹாலில் அந்தப் பிஸ்தா பச்சையையும் மாற்றவேண்டும். உங்களிடம் கேட்காமல் தொடக்கூடாது என்பதால் கேட்கிறேன்.

ஜெனிதா

புனே
18 ஜூன் 2024

ஜெனிதா,

கடிதம் கிடைத்தது. ஆபீசில் எல்லோரும் வந்து தபால்தலையை வேடிக்கை பார்த்தார்கள்.

ஜெயராம் எனக்குத் தம்பி மட்டும் இல்லை. அப்பா போனபோது அவன் நாலாவது படித்துக்கொண்டிருந்தான். அம்மா வேலைக்குப் போக, சாதம் பிசைந்து ஊட்டி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினது நான். அவன் கண்ணுக்கு என்னவென்று எனக்கே கடைசியில்தான் சொன்னீர்கள் இரண்டு பேரும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் வீட்டில் லிப்ட் இருக்கிறது. கூப்பிட்டால் வர ஆள் இருக்கிறது. பில்டர் கொடுத்த வெள்ளைச் சுவர், வெள்ளைக் கதவு, ஒரு படி கிடையாது, ஒரு மேடு கிடையாது. தடுக்கி விழ வழியே இல்லாத வீடு. நீ என்னடாவென்றால் பெயிண்ட் அடித்துக் கண்ணைக் குணப்படுத்தப் போகிறேன் என்கிறாய்.

நவராத்திரி வரைக்கும் என்றாய், சரி. ஆனால் ஹாலில் பச்சையைத் தொடாதே. அது அம்மா பெயிண்டர் பக்கத்திலேயே நின்று, ‘இன்னும் கொஞ்சம் வெள்ளை விடு, இன்னும் கொஞ்சம்’ என்று அவனைப் படுத்தியெடுத்துக் கலக்கின பச்சை. அந்த ஹாலுக்குள் நுழைந்தால் எனக்கு அம்மா இருக்கிற மாதிரி இருக்கும். உனக்கு அது ஒரு டப்பா பெயிண்ட். எனக்கு அப்படி இல்லை.

கதவுக்கு என்ன வேண்டுமானாலும் அடித்துக்கொள். அந்த நீலம் மோசமில்லை.

ஹம்சினி

மந்தைவெளி
14 ஜூலை 2024

ஹம்சினி அக்காவுக்கு,

‘மோசமில்லை’ என்று எழுதியிருந்தீர்களே, அதை உங்கள் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். ‘அக்கா வாயிலேர்ந்து இது வந்துதுன்னா பரிசு கொடுத்த மாதிரி’ என்றார். உங்கள் திட்டையும் சேர்த்துத்தான் படித்தேன், எதையும் விடவில்லை.

பச்சையைத் தொடவில்லை. வாக்கு வாக்குதான்.

மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. பெயிண்டர் வேறு யாருமில்லை, எங்கள் குப்பத்து நந்தகுமார் அண்ணன். படகுக்கு அடிக்கிறவர். முதல் நாள் உள்ளே வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, ‘இன்னாம்மா ஜெனி, செவுரு முழுக்க உப்பு பூத்துக்கினு கீது, இதுல பெயிண்டு எப்டி நிக்கும்?’ என்று ஒரே பாட்டு. பிறகு அவரே சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். வீடு முழுக்க மாவு மில் மாதிரி ஆகிவிட்டது. உங்கள் தம்பி நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பிள்ளைகளுக்கு இன்டெக்ரேஷன் நடத்தினார். தலையெல்லாம் வெள்ளை.

இப்போது எல்லாக் கதவுச் சட்டமும் கருநீலம். ஒவ்வொரு சுவிட்ச் போர்டைச் சுற்றியும் கருநீலத்தில் ஒரு கட்டம். பளபளப்பு எங்கேயும் கிடையாது. பளபளக்கிற பெயிண்டில் வெளிச்சம் பட்டுத் தெறித்தால் அவருக்குக் கண் கூசும், அதனால் எல்லாம் மேட் பெயிண்ட்.

நடையில் நான் செய்ததைத்தான் நீங்கள் பார்க்கவேண்டும். இடுப்பு உயரத்தில், கை இயல்பாகத் தொங்குகிற இடத்தில், சுவர் நெடுக ஒரு முழம் அகலத்துக்கு டெக்ஸ்சர் பெயிண்ட். ஈரமாக இருக்கும்போதே சீப்பு மாதிரி ஒரு தகடால் இழுத்தோம். ஹால் பக்கம் நேர்க்கோடு, படுக்கையறைப் பக்கம் அலை அலையாக. விரலின் புறத்தை அதில் வைத்துக்கொண்டு நடந்தால் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். நானே கண்ணை மூடிக்கொண்டு நாலு தடவை நடந்து பார்த்தேன், எங்கேயும் இடிக்கவில்லை. அந்தச் சுவரை விட்டு வர மனசே இல்லை அக்கா. கடைக்குக் கிளம்பும்போது ஒருமுறை தடவிவிட்டுத்தான் போகிறேன். கொஞ்சம் அட்டையில் இழுத்து வைத்திருக்கிறேன், நீங்களும் தடவிப் பாருங்கள்.

இன்னும் ஒரு வேலைதான் பாக்கி. ஒவ்வொரு அறை வாசலிலும் தரையில் குறுக்கே கறுப்பாக ஒரு பட்டை அடித்துவிட்டால் அறை எங்கே ஆரம்பிக்கிறது என்று காலுக்கும் தெரிந்துவிடும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அது.

ஜெனிதா

புனே
25 ஜூலை 2024

ஜெனிதா,

அட்டை வந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறேன். போகும்போது வரும்போது விரலால் ஒரு இழுப்பு. சமையல் செய்கிற பெண், ‘மேடம், இது என்ன, தேய்க்கிறதா?’ என்று கேட்டாள். நேர்க்கோட்டிலிருந்து அலைக்கு மாறுகிற இடம் ரொம்ப நன்றாக வந்திருக்கிறது. அதைச் செய்தது யார், நீயா, அந்தப் படகுக்காரரா?

இதையெல்லாம் எழுதிவிட்டேன் என்பதற்காக நான் ஒத்துக்கொண்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நவராத்திரிக்கு வந்து என் கண்ணால் பார்க்கிறேன்.

பச்சையை விட்டு வைத்ததற்கு நன்றி.

ஹம்சினி

புனே
8 ஆகஸ்ட் 2024

ஜெனிதா,

அவன் விழுந்து கையில் கட்டுப் போட்டிருக்கிற விஷயம் எனக்கு உன்னிடமிருந்து வரவில்லை. அவன் போன் பண்ணினான். அதுவும், ‘ஒண்ணுமில்லைக்கா, வாசல்ல கால் மடங்கிடுத்து, சுளுக்குதான்’ என்று சிரித்துக்கொண்டே. எந்த வாசலில்? நீ கறுப்புப் பட்டை அடித்த வாசலில்.

அலையும் கோடும் பார்த்து நானும் மயங்கித்தான் போனேன். என் தப்பு. அவன் நடமாடுகிற வீட்டில் ஒவ்வொன்றாக அடித்துப் பார்க்க அவன் என்ன உன் கடையில் தொங்குகிற சாம்பிள் போர்டா? எலும்பு முறிந்திருந்தால்? தலையில் பட்டிருந்தால்?

நவராத்திரி எல்லாம் வேண்டாம். அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பு. வீடு விற்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஹம்சினி

மந்தைவெளி
21 ஆகஸ்ட் 2024

ஹம்சினி அக்காவுக்கு,

நீங்கள் திட்டினது அத்தனையும் சரி. நான் உடனே எழுதாததற்குக் காரணம் பயம்தான். எழுதினால் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவீர்கள் என்ற பயம்.

அன்றைக்கு அவர் நடையில் சுவரைத் தடவிக்கொண்டு ஜம்மென்று வந்தார். படுக்கையறை வாசலில் அந்தக் கறுப்புப் பட்டை வந்ததும் நின்றார். காலை உயரத் தூக்கி எதையோ தாண்டுகிற மாதிரி எட்டி வைத்தார். தரை அவர் நினைத்த இடத்தில் இல்லை, நிலை தடுமாறி விழுந்துவிட்டார். தூக்கி உட்காரவைத்து, ‘ஏன் தாண்டினீங்க?’ என்றால், ‘பள்ளம்னு நெனச்சேன் ஜெனி. அங்க கறுப்பா பள்ளமாட்டம் இருந்தது’ என்கிறார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்த்தேனே, அது என்ன சோதனை? கண்ணை மூடினால் ஒன்றுமே தெரியாது. அவருக்கு ஒன்றும் தெரியாமல் இல்லை, அவருக்குத் தெரிவது வேறு. அது என்னவென்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கடையில் யார் வந்தாலும், ‘உங்களுக்கு எது புடிச்சிருக்கு, எந்த ரூமு, வெயில் எந்தப் பக்கம்’ என்று ஆயிரம் கேள்வி கேட்கிறவள் நான். என் புருஷனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு ராத்திரி நான் அழுத அழுகைக்கு அவர்தான் கட்டுப்போட்ட கையால் என்னைத் தட்டிக்கொடுக்க வேண்டியதாகிவிட்டது. மறுநாளே பட்டைகளை எல்லாம் சுரண்டி எடுத்துவிட்டேன்.

பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை மயிலாப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாட வீதியில் நடந்துகொண்டே கேட்டேன், ‘என்னென்ன தெரியுதோ எல்லாத்தையும் சொல்லுங்க.’ தெப்பக்குளத்துப் பக்கம் திரும்பினதும் நின்றுவிட்டார். ‘மதில் தெரியறது ஜெனி! வெள்ளை, காவி, வெள்ளை, காவி. எண்ணக்கூட முடியும் போலிருக்கு’ என்றார். குழந்தை மாதிரி எண்ணவே ஆரம்பித்துவிட்டார். பூக்காரி ஒருத்தி, ‘இன்னா சார், செவுத்தையா எண்ணிக்கினு கீறே?’ என்று சிரித்தாள். ஆட்டோ மஞ்சள் தெரிகிறது. வாழையிலைக் கட்டின் பச்சைக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டி கட்டினவர் உட்கார்ந்திருந்தார், அது தெரிகிறது. எதிரே புதிதாகக் கட்டின அபார்ட்மென்ட், சந்தனமும் பழுப்புமாகப் பெரிய ஆட்களின் ரசனை. ‘அங்க ஏதாவது இருக்கா?’ என்று கேட்டார்.

திரும்பி வந்து ஹாலில் உட்காரவைத்து அதையே கேட்டேன். இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். அம்மாவின் பச்சை அவருக்குத் தெரியவில்லை அக்கா. ரொம்ப நாளாகவே தெரியவில்லையாம். ‘வெறும் புகையாட்டம் இருக்கு. அக்காகிட்ட சொல்லிடாதே, அவ தாங்கமாட்டா’ என்றார்.

இன்னொன்றும் சொன்னார். போன மார்கழியில் உங்கள் வீட்டுக்கு வந்தோமே, அந்த வாரம் முழுக்க அவர் சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. களைப்பு என்று நீங்கள் நினைத்தீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கதவு அவர் கண்ணுக்கு இல்லவே இல்லை. உங்களைக் கூப்பிட்டு பாத்ரூம் எங்கே என்று கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு தண்ணீர் குடிப்பதையே குறைத்திருக்கிறார். தடுக்கி விழ வழியில்லாத வீடு என்றீர்கள். எழுந்திருந்தால்தானே விழுவதற்கு?

உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. நானும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. இந்தத் தடவை அவரே சொல்லட்டும், நான் அடிக்கிறேன். ஹாலுக்கு அவர் கேட்பது மாம்பழ மஞ்சள். நடைக்கு, கேட்டால் சிரிப்பீர்கள், கோயில் மதில் மாதிரி வெள்ளையும் காவியும். பாத்ரூம் வரைக்கும் அது போனால் வழி தப்பாது என்கிறார்.

நீங்கள் சரி என்றால்தான் பச்சையின் மேல் பிரஷ் வைப்பேன்.

ஜெனிதா

புனே
2 செப்டம்பர் 2024

ஜெனிதா,

உன் கடிதத்தை நான் ஆபீஸ் வேனிலேயே படித்துத் தொலைத்தேன். வீட்டுக்கு வந்து நடையில் நின்று பார்த்தேன். வெள்ளைச் சுவர், வெள்ளைக் கதவு, வெள்ளை சுவிட்ச். சுத்தமாக இருக்கிறது என்று எத்தனை பேரிடம் பெருமை பேசியிருக்கிறேன்! என் வீட்டில் என் தம்பி தாகத்தோடு உட்கார்ந்திருந்திருக்கிறான். நான் அவனுக்கு டிவி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தேன். அந்தப் பச்சையை அம்மா கலந்ததே அவனுக்காகத்தான். படிக்கிற பிள்ளைக்குக் கண்ணுக்குக் குளுமையாக இருக்கட்டும் என்றாள். நானல்லவா அதை எனக்கென்று பிடித்து வைத்துக்கொண்டேன். அடித்துவிடு. மாம்பழ மஞ்சளோ மிளகாய்ச் சிவப்போ, அவனுக்குத் தெரிகிறதைப் போடு.

ஆனால் ஒன்று, ஜெனிதா. காவியும் வெள்ளையும் பாத்ரூமுக்கு வழி காட்டுவதை என் உடம்பில் உயிர் இருக்கும்வரை ஒத்துக்கொள்ளமாட்டேன். சுவாமி பட்டையைக் கக்கூஸ் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவதா? அந்தக் கடன்காரனிடம் நான் சொன்னேன் என்று சொல். பட்டை வாசலுக்கும் சுவாமி அலமாரிக்கும் போகட்டும். பாத்ரூமுக்கு உங்கள் படகு நிறத்தை அடி. மிட்டாய்க் கடை என்று சொன்னது நான்தான், அதையே போடு.

நவராத்திரிக்கு வருகிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. நடந்து காட்டச் சொல். முதலில் பேசின பேச்சு பேச்சுதான், கண்ணால் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

ஹம்சினி

மந்தைவெளி
22 செப்டம்பர் 2024

ஹம்சினி அக்காவுக்கு,

உங்கள் தீர்ப்பைப் படித்துக் காட்டினேன். ‘கடன்காரனா? அப்ப அக்கா சமாதானமாயிட்டா’ என்று விழுந்து விழுந்து சிரித்தார். அப்படியே செய்துவிட்டோம். அவரே இப்போது பிள்ளைகளிடம், ‘கோயில் பக்கம் போனா வாசல், கடல் பக்கம் போனா பாத்ரூம்’ என்று வழி சொல்கிறார்.

காவிப் பட்டைக்கு நூல் பிடித்துக் கோடு போடும்போது நந்தகுமார் அண்ணன் மூன்று தடவை அழித்துவிட்டு மறுபடி போட்டார். ‘போட்டுன்னா கண்ண மூடிக்கினு அடிப்பேன் ஜெனி. இது சாமி சமாச்சாரம், கோணலாப் போச்சுன்னா உங்க நாத்தனாரு என்னைச் சும்மா வுடுமா?’ என்றார். நான் சொன்னேன், ‘விடமாட்டாங்கண்ணா, நேரா அடி.’ நேராகத்தான் வந்திருக்கிறது.

பாத்ரூம் பக்கம் படகு நிறம் என்றீர்களே, அந்தக் கடலில் மட்டும் நான் கை வைத்தேன். நீலத்தை அடியில் ஆழமாகவும் மேலே வரவர வெளுப்பாகவும் ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி ஏற்றினேன். பாத்ரூம் கதவைச் சுற்றி மட்டும் மஞ்சள். உங்கள் தம்பிக்கு அந்த வெளுப்பெல்லாம் தெரியாது, மஞ்சள் தெரியும். வெளுப்பு எனக்காகப் போட்டது. கொஞ்சம் எனக்கும் இருக்கட்டுமே.

வாருங்கள்.

ஜெனிதா

புனே
3 நவம்பர் 2024

அன்புள்ள ஜெனிதா,

வந்து போனதிலிருந்து எழுதவேண்டும் எழுதவேண்டும் என்று தீபாவளியும் தாண்டிவிட்டது. நேரில் நான் எதையும் ஒழுங்காகச் சொல்லவில்லை. உனக்கே தெரியும், நேரில் எனக்குப் பாராட்ட வராது. வாயைத் திறந்தால், ‘அந்த ஸ்க்ரூவை ஏன் இன்னும் முடுக்கலை?’ என்றுதான் வருகிறது. இப்போது சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேள்.

மணி அடித்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். நீ திறப்பாய் என்று நினைத்து, உன்னிடம் எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தது அவன். தனியாக. ‘வா அக்கா’ என்று என் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான், விரலின் புறம் சுவரில் லேசாகப் பட்டுக்கொண்டே போக. அவனுக்குப் பின்னால் நான் தயங்கித் தயங்கி வந்தேன். அந்த மாம்பழ மஞ்சளைப் பார்த்து முகம் சுளிக்கத் தயாராகத்தான் வந்திருந்தேன். ஜெனிதா, அந்த ஹாலுக்குள் காலை வைத்தபோது விடிந்த மாதிரி இருந்தது. காவிப் பட்டை அந்த மஞ்சளுக்குப் பக்கத்தில் எத்தனை கம்பீரம்! உன் கடல் முன்னால் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று நீ பார்க்கவில்லை, அடுப்படியில் இருந்தாய். அந்த வெளுப்பு உனக்காக மட்டும் போட்டது என்று எழுதியிருந்தாயே. எனக்கும்தான் அது.

அவன் காபி போட்டான். பால் ஊற்ற நீலக் கோப்பை, டிகாக்‌ஷன் ஊற்ற வெள்ளைக் கோப்பை. எது எங்கே நிற்கிறது என்று தெரியவேண்டும் என்பதற்காக அலமாரித் தட்டையே நீ வெள்ளையும் கறுப்புமாக அடித்திருக்கிறாய். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. சர்க்கரை மட்டும் கூடிப்போச்சு, அது கண்ணால் வந்த கோளாறு இல்லை, அவனுக்கு எப்பவுமே கை தாராளம்.

ஹாலில் சுவாமி அலமாரிக்கு உள்ளே கையை விட்டு விளக்கை எடுத்தபோதுதான் பார்த்தேன். உள்சுவரில் பச்சை. அம்மாவின் பச்சை, அப்படியே. நீ சொல்லவே இல்லை. அவனைக் கேட்டால், ‘ஜெனிதான் அந்த இடத்தைத் தொடவேண்டாம்னுட்டா. அக்காவுக்கு அந்த இடம் வேணும்னு சொன்னா. நான் சுவாமியைக் கையால தேடிண்டுடுவேன்’ என்கிறான். மாதா கோயிலுக்குப் போகிறவள் நீ. எங்கள் சுவாமி அலமாரிக்குள் என் அம்மாவை உட்காரவைத்திருக்கிறாய். விளக்கை ஏற்றிவிட்டு அங்கேயே நின்று அழுதேன். நீ எண்ணெய் தீர்ந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தாய், ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இனி புனேவுக்கு வந்துவிடு என்று கேட்கமாட்டேன். வீட்டை விற்கிற பேச்சே இல்லை. அவன் இருக்கவேண்டிய இடம் அதுதான். உனக்கு வீடு முக்கியம் என்று நான் சொன்னேனே, அது சரிதான். இப்படிப்பட்ட வீடு முக்கியம்தான்.

ஆனால் வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் இல்லையா? வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெயிண்ட் கடைக்குப் போனேன். விருந்தாளி அறைக் கதவுக்கும் பாத்ரூம் கதவுக்கும் நானே பார்த்து ஒரு நீலம் வாங்கினேன். பெயிண்டர் அடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்திலேயே நின்றேன். ‘மேடம், நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்’ என்று அவன் ஹிந்தியில் கெஞ்சினான். நான் நகரவில்லை. அம்மா மாதிரியே நின்றேன்.

அந்தச் சுவரின் வெள்ளையையும் கதவின் நீலத்தையும் ஓர் அட்டையில் பாதிப்பாதி அடித்து அனுப்பியிருக்கிறேன். உன்னிடம் காட்டுவதற்கு இல்லை. அவனிடம் காட்டிக் கேள். தெரியவில்லை என்றால் கூச்சப்படாமல் சொல்லச் சொல். மறுபடி அடிக்கிறேன்.

உன்
ஹம்சினி

மந்தைவெளி
14 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை அவருக்கு ஒரே மூச்சில் படித்துக் காட்ட முடியவில்லை. நடுவில் இரண்டு தடவை நிறுத்தி மூக்கைச் சிந்திவிட்டுத்தான் படித்தேன். எண்ணெய் தீரவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

மழை விட்டு வெயில் வரட்டும் என்று காத்திருந்து அட்டையை இன்று காலையில்தான் கொடுத்தேன். ஜன்னலுக்குப் பக்கத்தில் எடுத்துக்கொண்டு போனார். நான் எந்தப் பக்கம் சுவர், எந்தப் பக்கம் கதவு என்றுகூடச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நீலத்தின் மேல் விரலை வைத்து, ‘கதவு இங்க இருக்கு’ என்றார்.

பெயிண்ட் கொஞ்சம் பளபளக்கிறதாம், கூசுகிறதாம். கடைக்காரன் உங்களுக்கு எனாமலைத் தள்ளிவிட்டிருக்கிறான். நாங்கள் பொங்கல் முடிந்து வருவதற்குள் மேட் பெயிண்டில் ஒரு கை அடித்துவிடுங்கள், நிறம் அதேதான் இருக்கட்டும்.

அட்டையைத் திருப்பி அனுப்புவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறார், கேட்டால் தரமாட்டேன் என்கிறார். சாயங்காலம் டியூஷனுக்கு வந்த பிள்ளைகள் ஒவ்வொருத்தரிடமும் எடுத்துக் காட்டினார், ‘இது புனேல எங்க அக்காவாத்துக் கதவு’ என்று.

உங்கள்
ஜெனிதா